குடிபெயரும் முன் நம்பியோ: சென்னை–பெங்களூரு செலவு ஒப்பீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

சென்னையில் ஒரு லட்சம் ரூபாயில் வாழும் வாழ்க்கையைப் பெங்களூருவில் வாழ எவ்வளவு வேண்டும் என்று இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படும் விடைகளில் நம்பியோ தளத்தின் விடையும் ஒன்றாக இருக்கும். செர்பியாவைச் சேர்ந்தவரும் முன்பு கூகுளில் பணியாற்றியவருமான மிலடென் அடாமோவிச் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் தளம், உலகெங்கும் உள்ள நகரங்களில் பொருட்களும் சேவைகளும் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதை அந்தந்த ஊரில் இருப்பவர்களிடமிருந்தே திரட்டி வெளியிடுகிறது. இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் வாடகை, மளிகை, உணவகம், போக்குவரத்து என்று பிரித்து எதில் எத்தனை சதவீதம் கூடுதல், எதில் குறைவு என்று காட்டுகிறது. கட்டணம் கிடையாது. வேலை மாற்றத்தை முன்னிட்டு இரு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குடும்பஸ்தன் என்ற நிலையில் இந்தச் சேவையைக் கூர்ந்து பயன்படுத்திப் பார்த்தேன். விலைப்பட்டியலாக இது மிகவும் பயனுள்ளது; முடிவெடுக்கும் கருவியாக, குறிப்பாக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் நடுத்தரக் குடும்பத்துக்கு, போதாது. ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் நிறைகள். எல்லா ஊர்களுக்கும் ஒரே பொருட்பட்டியல் என்பதால், சென்னையையும் பெங்களூருவையும் மட்டுமல்லாமல் கோயம்புத்தூரையும் ஹைதராபாத்தையும் சிங்கப்பூரையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். நியூயார்க் நகரத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்குக் குறியீட்டெண் தருகிறார்கள். வாடகைக்கான எண்ணைத் தனியாகவும், வாடகை நீங்கலான செலவுக்குரிய எண்ணைத் தனியாகவும் தருகிறார்கள். இந்தப் பிரிப்பு முக்கியமானது. சொந்த வீட்டை விட்டுப் போகிறவருக்கும் வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகிறவருக்கும் ஒரே எண் பொருந்தாது. மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ பதியப்படும் விலைகளை வடிகட்டிய பிறகுதான் சராசரி கணக்கிடப்படுகிறது. சராசரியோடு நிறுத்தாமல் குறைந்த விலை எது, உயர்ந்த விலை எது என்ற வீச்சையும் காட்டுகிறார்கள். எத்தனை பேர் அளித்த விவரங்களைக் கொண்டு அந்தப் பக்கம் உருவானது என்பதும் அங்கேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பாராமல் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போவது தளத்தின் குற்றமாகாது.

ஆனால் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டு போவது ஒப்பீட்டுப் பக்கத்தின் தலைப்பில் வரும் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான்: இந்த ஊரில் இவ்வளவு ரூபாயில் வாழும் தரத்தை அந்த ஊரில் தக்கவைத்துக்கொள்ள இவ்வளவு ரூபாய் தேவைப்படும், இரு ஊர்களிலும் வாடகைக்குக் குடியிருப்பதாக வைத்துக்கொண்டால். அந்த வாக்கியத்தில் உள்ள தொகையைப் பலரும் சம்பளமாகப் படிக்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. தளம் செய்வது, நாம் கொடுக்கும் தொகை முழுவதையும் விலை விகிதத்தால் பெருக்குவதுதான். கையில் ஒரு லட்சம் ரூபாய் வாங்கும் ஒருவர் அதில் 60,000 ரூபாயைச் சென்னையில் செலவழிக்கிறார் என்றும், பெங்களூருவில் எல்லாம் 15 சதவீதம் கூடுதல் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சம்பளத்தைப் போட்டுப் பார்த்தால் 15,000 ரூபாய் கூடுதலாக வேண்டும் என்று விடை வரும். செலவை மட்டும் போட்டால் 9,000 ரூபாய்தான். மீதி 40,000 ரூபாயில் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம், கல்விக் கடன் தவணை, சீட்டுப் பணம், காப்பீட்டுத் தொகை ஆகியவை அடங்கும். குடியிருக்கும் ஊர் மாறினால் இவற்றில் எதுவும் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆகவே இந்தத் தளத்தில் சம்பளத்தைப் போடாமல், கடந்த சில மாத வங்கிக் கணக்கையும் யுபிஐ பதிவுகளையும் எடுத்துவைத்துக் கூட்டி, உள்ளூரிலேயே செலவாகும் தொகையை மட்டும் போட வேண்டும். அப்படிச் செய்தால் இந்தச் சேவையின் பயன் பல மடங்கு கூடும்.

அடுத்து, எதை எடைபோடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பட்டியலை வரிவரியாகப் படித்தால் அது யாருடைய வீட்டுக்கு எழுதப்பட்டது என்பது விளங்கிவிடும். அரை லிட்டர் பீர், கப்புச்சீனோ, மெக்டொனால்ட்ஸ் உணவு, ஒரு கிலோ பாலாடைக்கட்டி, 500 கிராம் ரொட்டி, ஒரு கிலோ மாட்டிறைச்சி, ஒரு பாட்டில் ஒயின், 20 சிகரெட் கொண்ட மார்ல்பரோ பெட்டி, லீவைஸ் 501 வகை ஜீன்ஸ், புதிய டொயோட்டா கொரோலா கார். இவை எல்லாம் அதில் இருக்கின்றன. துவரம் பருப்பு இல்லை, நல்லெண்ணெய் இல்லை, சமையல் எரிவாயு சிலிண்டர் இல்லை, 20 லிட்டர் கேன் தண்ணீர் இல்லை, வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளமும் இல்லை. அரிசி இருக்கிறது, ஆனால் வெறும் வெள்ளை அரிசி, ஒரு கிலோ. எங்கள் வீட்டில் இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் புழுங்கல் அரிசிதான். பெங்களூருவில் மூட்டை மூட்டையாகப் புழங்குவது சோனா மசூரி பச்சரிசி. பொன்னிப் புழுங்கல் வேண்டுமென்றால் அல்சூர், சிவாஜி நகர் போன்ற, தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதிகளின் கடைகளைத் தேடிப் போவது நல்லது. மளிகைக் கணக்கில் இந்த வேறுபாடு பெரிதல்ல என்பது உண்மைதான். பால், காய்கறி, மளிகை இவற்றில் இரு நகரங்களுக்கும் இடையே குடும்பத்தின் முடிவை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 2025 ஏப்ரலில் கர்நாடகத்தின் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. தினம் ஒன்றரை லிட்டர் வாங்கினாலும் அது மாதத்துக்கு 180 ரூபாய். அரிசிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் விலை பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வாடகையில்தான் விஷயம் இருக்கிறது; அதே இடத்தில்தான் இந்தத் தளம் நம் ஊர் வழக்கத்துக்கு மிகவும் விலகி நிற்கிறது. நம்பியோ கேட்பது ஒரு படுக்கையறை வீட்டின் வாடகையும் மூன்று படுக்கையறை வீட்டின் வாடகையும்தான். ஒவ்வொன்றும் நகர மையத்தில் எவ்வளவு, மையத்துக்கு வெளியே எவ்வளவு என்று நான்கு வரிகள். நம் குடும்பங்கள் மிகப் பெரும்பாலும் தேடுவதோ இரண்டு படுக்கையறை வீடு. அது பட்டியலிலேயே இல்லை. நகர மையம் என்ற பிரிவும் நமக்கு உதவுவதில்லை. பெங்களூருவில் வேலை இருப்பது ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வெளிவட்டச் சாலையை ஒட்டிய பெல்லந்தூர், மாரத்தஹள்ளிப் பகுதிகளிலும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிண்டியிலும். மையத்துக்கு வெளியே என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒயிட்ஃபீல்டும் கெங்கேரியும் சேர்ந்து சராசரியாகின்றன. சோழிங்கநல்லூரும் ஆவடியும் சேர்ந்து சராசரியாகின்றன. அந்தச் சராசரிக்குரிய வீடு எந்தத் தெருவிலும் இல்லை. ஆகவே வாடகைக்கு மட்டுமாவது அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பகுதிகளை முடிவு செய்துகொண்டு, வீட்டு விளம்பரத் தளங்களில் நேரடியாகப் பார்ப்பதே சரி. விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரர் கேட்கும் தொகை, படியும் தொகையல்ல என்பதையும், பராமரிப்புக் கட்டணம் சேர்ந்ததா சேராததா என்பதையும் அப்போது கவனிக்க வேண்டும்.

வாடகையைவிடவும் மறைவாக இருக்கும் செலவு அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூருவின் நெடுங்கால வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கியிருந்தாலும் பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னையிலும் இதே வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் 20,000 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ்; பெங்களூருவில் 30,000 ரூபாய் வாடகை, மூன்று லட்சம் அட்வான்ஸ். கூடுதலாக முடங்கும் இரண்டு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 14,000 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 1,170 ரூபாய். வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். இரண்டு ஆண்டுகள் குடியிருந்தால் அது மாதத்துக்கு 1,250 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் அதுவும் அதே கணக்கில் 1,250 ரூபாய். ஆக, 30,000 ரூபாய் வாடகை வீட்டின் உண்மையான மாதச் செலவு 33,700 ரூபாயை நெருங்குகிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட எந்த ஒப்பீட்டுத் தளத்தின் சதவீதத்திலும் தெரியாது. சென்னையில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு இவற்றில் பல கடந்துபோன செலவு. புதிய ஊரில்தான் அவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மின்கட்டணமும் தண்ணீரும் தளத்தில் ஒரே வரிதான்: 85 சதுர மீட்டர் வீட்டுக்கு மின்சாரம், குளிரூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்து மாதம் இவ்வளவு என்று. இந்த ஒரு வரிக்குள் இரு நகரங்களின் தட்பவெப்பமும் இரு அரசுகளின் மானியமும் கலந்து கிடக்கின்றன. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏசி இல்லாமல் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடும் குடும்பங்கள் அங்கே ஏராளம். சென்னையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓர் அறையிலாவது ஏசி ஓடும் வீட்டில், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை எளிதில் தாண்டிவிடுகிறது. தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடுகிறது. முதல் 100 யூனிட் மட்டும் யாருக்கும் இலவசம், விண்ணப்பம் எதுவும் வேண்டாம். கர்நாடகத்தில் 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முந்தைய சராசரிப் பயன்பாடும் அதற்கு மேல் 10 சதவீதமும்தான் உண்மையான வரம்பு. அதைத் தாண்டினால் மிகுதிக்குக் கட்டணம். 200 யூனிட்டையும் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், வீடு பார்க்கும்போதே அந்த மீட்டரின் பழைய பில்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. எந்த ஊராக இருந்தாலும் வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் இந்தச் சலுகைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரில் நிலைமை இன்னும் நுட்பமானது. பெங்களூருவுக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குழாய் இணைப்பு இல்லாத பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கரையும் நம்பி இருக்கின்றன. 2024 கோடையில் அந்தக் கிணறுகள் வற்றியபோது தனியார் டேங்கர் விலைக்கு நிர்வாகம் உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மாநகராட்சியோடு பின்னாளில் இணைக்கப்பட்ட 110 கிராமங்களை மனத்தில் கொண்டு வந்த திட்டம் அது. சென்னையும் 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர்தான் என்பதால், இதில் ஒரு ஊரைத் தாழ்த்திச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நான் சொல்வது இதுதான்: அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்க்கிறவர் காவிரி இணைப்பு இருக்கிறதா, கோடையில் மாதம் எத்தனை டேங்கர் வருகிறது, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியாகப் பிரித்து வசூலிக்கப்படுமா என்று காவலாளியிடமும் குடியிருப்போரிடமும் கேட்டறிய வேண்டும். மார்ச் மாதத்துப் பராமரிப்பு ரசீதையும் நவம்பர் மாதத்து ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 85 சதுர மீட்டர் வரி சொல்லாததை அவை சொல்லிவிடும்.

மாநில எல்லையைக் கடக்கும்போது கைநழுவும் உரிமைகளை உலகப் பொதுவான ஒரு பட்டியல் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அவற்றை இழப்பதுதான் பெரிய செலவு. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்குக் கிலோ 30 ரூபாயில் கிடைக்கும் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாயில் கிடைக்கும் பாமாயிலும் வேறு மாநிலத்தில் கிடைக்காது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளின் தானியத்துக்கு மட்டுமே பொருந்தும். சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் எந்தப் பெண்ணும் சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்த சக்தி திட்டமும் பெண்களுக்கு இலவசப் பயணம் அளிக்கிறது. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆதாரில் முகவரியை மாற்றும் வரை தினமும் பணம் கொடுத்துத்தான் பயணம். ஓட்டுநராகவோ காவலாளியாகவோ வேலைக்குப் போகும் ஒருவரின் குடும்பத்துக்கு இவை மாத வரவுசெலவின் கணிசமான பகுதி. நம்பியோவில் விலைகளைப் பதிகிறவர்கள் ஆங்கிலத்தில் இணையத்தைப் பயன்படுத்துகிறவர்கள்; அவர்களுடைய கூடையில் இந்தக் குடும்பங்களின் செலவு இடம்பெற வழியில்லை. இத்தகைய குடும்பங்களுக்கு இந்தத் தளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை சென்னையின் புறநகர் ரயிலுக்கு ஈடான ஒன்று பெங்களூருவில் இன்னும் வரவில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 10 ரூபாயில் போகலாம். வாடகை குறைந்த இடத்தில் குடியிருந்துகொண்டு நகருக்குள் வேலை பார்ப்பதை அந்த ரயில்தான் சாத்தியமாக்குகிறது. பெங்களூருவின் ‘நம்ம மெட்ரோ’ ரயிலின் அதிகபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. சென்னை மெட்ரோவில் 2021 முதல் அது 50 ரூபாய். நம்பியோவில் உள்ளூர்ப் போக்குவரத்தின் ஒரு வழிச் சீட்டுக்கு ஒரே விலைதான் இருக்கிறது. தூரத்தைப் பொறுத்து 10 முதல் 90 வரை மாறும் கட்டணத்தை அந்த ஒற்றை எண்ணால் எப்படிக் காட்ட முடியும்?

பள்ளிக் கட்டணத்திலும் இதே குறைதான். முழுநாள் மழலையர் பள்ளி, சர்வதேசத் தொடக்கப் பள்ளி என்று இரண்டே வரிகள். மெட்ரிகுலேஷனோ சாதாரண சிபிஎஸ்இ பள்ளியோ பட்டியலில் இல்லை. சேர்க்கையின்போது ஒரே முறை கட்டும் தொகையைப் பள்ளியிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பள்ளிகள் கன்னடம் கற்பிப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், நடு வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சிச் செலவும் ஓரிரு ஆண்டுகளுக்கு இருக்கும்.

வருமான வரியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் வீட்டு வாடகைப்படிக்கான விலக்கின் வரம்பைக் கணக்கிடும்போது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் 50 சதவீதம் என்று வைத்தன. பெங்களூருவுக்கு அந்த விதிகளில் 40 சதவீதமாக இருந்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர், குடிபெயரும் நிதியாண்டில் தமக்கு எந்த வரம்பு பொருந்தும் என்பதைத் தம் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது. தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டியை எடுத்துச் செல்கிறவர், 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து கர்நாடகச் சாலை வரி கட்ட வேண்டும் என்பதையும் முதல் ஆண்டின் கணக்கிலேயே எழுதிவைக்க வேண்டும்.

நம்பியோவுக்கு மாற்றாகச் சிலர் மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டைக் காட்டுகிறார்கள். 2016ஐ 100ஆக வைத்து 88 மையங்களுக்கு வெளியாகும் அந்த எண், ஒரே ஊரில் காலப்போக்கில் விலை எவ்வளவு ஏறியது என்பதை அளப்பது. இரு ஊர்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து எது செலவு மிகுந்த ஊர் என்று சொல்வதற்கு அது உதவாது. மெர்சர் போன்ற நிறுவனங்களின் ஒப்பீடுகள் வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்காகச் செய்யப்படுபவை. ஆகவே குறைகள் இருந்தாலும் தனி மனிதர் கையில் எடுக்கக்கூடிய இலவசக் கருவிகளில் நம்பியோவைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். அதிலும் ஒப்பீட்டுப் பக்கத்தைவிட, குடும்பத்தில் எத்தனை பேர், வெளியில் எவ்வளவு அடிக்கடி சாப்பிடுவார்கள், மது, புகைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டு அதற்கேற்பக் கணக்கிடும் மதிப்பீட்டுப் பகுதி நம் வீட்டுக்கு நெருங்கி வருகிறது. பீரையும் சிகரெட்டையும் ஒயினையும் பூஜ்யமாக்கிவிட்டு, வீட்டுச் சமையலை முழுதாக்கி, வாடகையை நீக்கிவிட்டுக் கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே தேடிக் கண்ட இரண்டு படுக்கையறை வாடகை, அட்வான்ஸின் வட்டி, தண்ணீர், பள்ளி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை அதன் கீழே கையால் எழுதிச் சேருங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. இடம் கிடைக்காமல் போனால் பண்டிகைக் கால ஆம்னி பஸ் கட்டணத்தில் குடும்பம் முழுவதும் போய்வர நேரும் என்பதால், அந்த உயர்ந்த கட்டணத்தையே கணக்கில் வையுங்கள்.

இப்படித் தயாரித்த தாளை, வேலைக்கான கடிதத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் கொண்டுபோக வேண்டும். சம்பளத்தை உயர்த்த மறுக்கும் நிறுவனங்கள்கூட, குடிபெயர்வுப் படியாகவோ வீட்டு அட்வான்ஸுக்கான வட்டியில்லாக் கடனாகவோ உதவ முன்வருவது உண்டு. அதைக் கேட்பதற்கு, இணையத்திலிருந்து எடுத்த ஒரு சதவீதத்தைவிட, வரிவரியாக எழுதப்பட்ட உங்கள் வீட்டுக் கணக்கு வலுவான ஆதாரமாக இருக்கும்.